தலைகீழ் வகுப்பறை எங்கே சறுக்குகிறது?

பாடத்தை வீட்டில் காணொலியாகப் பார்த்துவிட்டு வர வேண்டும். வழக்கமாக வீட்டுக்குப் போகும் கணக்கையும் பயிற்சியையும் வகுப்பில் உட்கார்ந்து போட வேண்டும். தலைகீழ் வகுப்பறை என்பது இவ்வளவுதான். 2007-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற இரண்டு பள்ளி வேதியியல் ஆசிரியர்கள் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கிய பிறகே இது பரவலாகப் பேசப்பட்டது. கல்லூரியில் இதன் வேர் இன்னும் பழையது. ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலேயே வகுப்பு நேரத்தைக் கேள்விகளுக்குத் திருப்பிவிட்டார். அவருடைய மாணவர்கள் பாடத்தைப் படித்துவிட்டு வந்தார்கள், காணொலி பார்த்துவிட்டு அல்ல.

காணொலி எடுத்தால், ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிவுசெய்து ஏற்றாதீர்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை அலசி 2014-இல் வெளியான ஆய்வில், காணொலி எவ்வளவு நீளமானாலும் மாணவர் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு கருத்துக்கு ஒரு காணொலி, வகுப்புக்கு இரண்டு அல்லது மூன்று போதும். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள். ஒலி இரைந்தால் மூடிவிடுவார்கள்.

முறை உடைவது பெரும்பாலும் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில்தான். பாதிப்பேர் பார்க்காமல் வருகிறார்கள். ஆசிரியர் இரக்கப்பட்டு முழுப் பாடத்தையும் மறுபடி சொல்கிறார். பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏமாந்தவர்கள் ஆகிறார்கள். அடுத்த வாரம் அவர்களும் பார்ப்பதில்லை. இதைத் தடுக்க, முந்தைய இரவே மூன்று கேள்விகளுக்குப் பதில் வந்துசேர வேண்டும். மூன்றாவது கேள்வி எப்போதும் ஒன்றே: எந்த இடம் குழப்பியது? இதற்குச் சிறு மதிப்பெண் கொடுங்கள். காலையில் அந்தப் பதில்களைப் படித்து, குழம்பிய இடத்தை மட்டும் வகுப்பில் தொடுங்கள். பார்க்காதவர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேர்ந்துகொள்ளட்டும்.

மீதி நேரத்துக்கு மசூரின் உத்தி நன்றாகப் பொருந்தும். கனரக லாரியும் சிறிய காரும் மோதுகின்றன, எது எதன்மீது அதிக விசை செலுத்துகிறது? ஒரு நிமிடம் தனியாக யோசித்து வாக்களிக்கிறார்கள். 30 விழுக்காட்டுக்குக் குறைவானவர்களே சரியாகச் சொன்னால், பேசவிட்டுப் பயனில்லை, மறுபடி விளக்குங்கள். 70-ஐத் தாண்டினால் இரண்டு வரி விளக்கத்தோடு நகருங்கள். இடையில் இருந்தால் மூன்று நிமிடம் பக்கத்திலிருப்பவரோடு வாதிடச் சொல்லி, மறுபடி வாக்கெடுங்கள். சற்றுமுன் புரிந்துகொண்டவருக்குத் தான் தடுக்கிய இடம் இன்னும் நினைவிருக்கும். பேராசிரியருக்கு அது மறந்து பல வருடம் ஆகியிருக்கும். தவறான விடைகளும் மாணவர்கள் உண்மையிலேயே நம்புகிறவையாக இருக்க வேண்டும் (லாரிதான் என்று பலர் சத்தியம் செய்வார்கள்). இல்லாவிட்டால் வாதமே எழாது.

"நாங்களே படிக்கிறோம், நீங்கள் எதற்கு?" என்ற முணுமுணுப்பு கட்டாயம் வரும். ஹார்வர்டில் நடந்து 2019-இல் வெளியான இயற்பியல் வகுப்பு ஆய்வில், தாங்களே கணக்குப் போட்ட குழு தேர்வில் அதிகம் எடுத்தது; ஆனால் குறைவாகக் கற்றதாகவே அந்தக் குழு நினைத்தது. முதல் வாரமே இதைச் சொல்லிவிடுங்கள். கூடவே பழைய வீட்டுப்பாடத்தையும் வெட்டுங்கள். அதை வைத்துக்கொண்டே காணொலியையும் சேர்த்தால், முணுமுணுப்பவர்கள் பக்கம்தான் நியாயம்.