முந்துகிறவரைப் பின்னிழுக்கும் மாவுப் பொட்டு

முச்சந்தியில் வெள்ளை மாவைக் கண்டால், யாரோ கழித்துப் போட்டதோ என்று நம்மவர் மனம் ஒரு கணம் தயங்கும். மோரிஷியஸின் மோக்கா மலைத்தொடரை ஒட்டிய கரும்புக் காட்டுப் பாதைகளில் அத்தகைய மாவு விட்டுவிட்டுப் பல இடங்களில் கிடந்தால், அது பெரும்பாலும் ஓட்டச் சங்கம் ஒன்று தன் ஓட்டத்துக்காக இட்ட தடமாக இருக்கும். இங்கிலாந்துப் பள்ளி மாணவர்கள் காகிதத் துணுக்குகளைச் சிதறி ஓடிய 'முயலும் வேட்டைநாய்களும்' என்ற விளையாட்டை, 1938இல் கோலாலம்பூரில் ஆல்பர்ட் கிஸ்பர்ட் என்ற பிரிட்டிஷ் கணக்காளரும் நண்பர்களும் வாரந்தோறும் கூடும் சங்கமாக்கினார்கள். அந்த வழக்கமே பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

முயலாக இருப்பவர் முன்னே சென்று மாவுப் பொட்டுகளை இடுவார். மற்றவர்கள் அவற்றைப் பின்பற்றி ஓடுவார்கள். இளைஞரும் அறுபது வயதுக்காரரும் சேர்ந்து புறப்படும் கூட்டம் சிதறிப்போகாமல், ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிவிடத்தை அடைய வேண்டும் என்பதுதான் முயலுக்கு உள்ள கணக்கு. அதற்கான கருவி 'செக்' எனப்படும் சந்தி. அங்கே மாவினால் ஓர் அடையாளம் இடப்பட்டிருக்கும். அதற்கு அப்பால் தடம் எந்தக் கிளையில் தொடர்கிறது, எவை பாதியில் நின்றுபோகும் பொய்த் தடங்கள் என்பதை ஓடிப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

மணிக்கு 10 கி.மீ. ஓடுபவர் ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள செக்கை 6 நிமிடத்திலும், 5 கி.மீ. வேகத்தில் நடப்பவர் 12 நிமிடத்திலும் அடைவார்கள். முன்னவர் இரண்டு பொய்த் தடங்களில் தலா 250 மீட்டர் போய்த் திரும்பினால் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் ஓடியிருப்பார். அதற்கான 6 நிமிடம் கழிவதற்குள் பின்னவர் வந்து சேர்ந்துவிடுவார். வேகம் இரு மடங்கானால், வீணாக ஓட வேண்டிய தொலைவு உண்மைத் தடத்தின் நீளத்துக்குச் சமம். வேகங்கள் 8க்கு 5 என்றிருந்தால் 600 மீட்டரே போதும்.

ஆனால் முன்னால் ஓடுபவர்கள் மூவர் இருந்து, மூன்று கிளைகளைப் பகிர்ந்துகொண்டால் இந்தக் கணக்கு குலைந்துபோகும். சரியான கிளையில் சென்றவர் முதல் முயற்சியிலேயே தொடர் பொட்டுகளைக் கண்டு, தடம் இதுதான் என்ற பொருளில் 'ஆன்-ஆன்' என்று கூவிவிடுவார். எனினும் தவறான கிளைகளில் போன இருவர் திரும்பி வரும்போது கூட்டத்தின் வாலில்தான் சேர முடியும். வேகத்தைத் தண்டிக்காமல் வரிசையை மட்டும் கலைத்துப் போடும் இந்த ஏற்பாடு, என் பார்வையில், நேரத்தைச் சமன் செய்யும் கணக்கைவிட அழகானது. பொய்த் தடத்திலும் ஓரிரு பொட்டுகள் இருக்கலாம் என்பதால், எத்தனை பொட்டுகளைக் கண்டபின் கூவலாம் என்பதை ஒவ்வொரு சங்கமும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும்.

ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்த கரும்பு பக்கத்துப் பாதையை முற்றிலும் மறைப்பதால், அங்கே கண்ணைவிடக் காதுதான் வழிகாட்டி. அடர்ந்த தோகைகள் ஒலியின் உயர் அதிர்வெண்களைத் தாழ்ந்தவற்றைவிட அதிகமாகச் சிதறடித்து உறிஞ்சிவிடும். காற்றில் அவை எழுப்பும் சலசலப்பும் உயர்ந்த ஒலிகளையே மூழ்கடிக்கிறது. ஆகவே கீச்சுக் குரலைக் காட்டிலும் கட்டைக் குரல் தொலைவில் கேட்கும். நிலத்தைத் திருத்திய கூலித் தொழிலாளர்கள் வயல்களில் குவித்துவைத்த எரிமலைக் கற்குவியல்கள் மீது ஏறினால் கூட்டத்தின் தொப்பிகள் தெரியலாம். தரையிலுள்ள மாவு தெரியாது.

கரும்பாறையிலும் செம்மண்ணிலும் மாவு பளிச்சென்று தெரிவதற்கு, அதன் நுண்துகள்கள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதே காரணம். நனைந்தால் துகள்களுக்கு இடையே உள்ள காற்றின் இடத்தை நீர் பிடிக்க, சிதறல் குறைந்து மாவு மங்கிய களியாகிவிடும். கூர்ப்பீப் போன்ற மழை மிகுந்த மேட்டுப் பகுதியில் காலையில் இட்ட தடத்தை மாலையில் நம்ப முடியாததற்கு இதுவே காரணம். மிஞ்சியதை, வாசல் கோலத்தைப் போலவே, எறும்புகள் சுமந்து சென்றுவிடும். ஜூன் வாக்கில் தொடங்கும் அறுவடைக்குப் பின்போ மறைவே இல்லாமல் வயல் வெறுமையாகக் கிடக்கும். எல்லாக் கிளைகளும் ஒரே பார்வையில் தெரிந்துவிடுவதால், முயல் தன் செக்குகளை ஓடைக்கரைப் புதர்களுக்கோ மலையடிக் காட்டுக்கோ மாற்றியாக வேண்டும்.