ஏலச் சத்தத்தில் நம் பெயர் மட்டும் காதில் விழுவது எப்படி?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலையில் படகுகள் கரை சேர்ந்தால் ஏலம் களைகட்டிவிடும். ஒரு பக்கம் வஞ்சிரம், இன்னொரு பக்கம் சங்கரா, நடுவே லோடு ஆட்டோ ஹாரன். இத்தனை இரைச்சலிலும் மீன் எடுக்க வந்த அக்கா, தனக்கு வேண்டிய ஏலக்குரலை மட்டும் பிடித்துக்கொள்கிறார். காதில் எல்லாமேதான் விழுகிறது. பொறுக்கி எடுப்பது மூளை.

இதை 1953இல் சோதித்தவர் காலின் செர்ரி. ஹெட்போனில் ஒவ்வொரு காதுக்கும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் சொன்னார். மறு காதில் ஒலித்தது ஆண்குரலா பெண்குரலா என்று சொல்ல முடிந்தது. ஆனால் என்ன பேசினார்கள் என்பது பதியவே இல்லை.

சரி, வேண்டாத பேச்சை மூளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறதா? 1959இல் நெவில் மோரே அந்த மறு காதில் கேட்பவரின் பெயரைச் சேர்த்தார். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைக் கண்டுகொண்டார். ஆக, ஒதுக்கிய பேச்சும் ஓரளவு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, இதே பெயர்ச் சோதனையை வைத்து 2001இல் வந்த ஆய்வு. ஒரு வேலை முடியும்வரை விவரங்களை மனதில் பிடித்து வைத்திருக்கும் திறனைச் செயல்படு நினைவாற்றல் என்கிறோம். அது குறைவாக உள்ளவர்களில் 65 சதவீதம் பேர் தம் பெயரைக் கவனித்தார்கள். அதிகம் உள்ளவர்களில் 20 சதவீதம் பேர்தான். நல்ல நினைவாற்றல் என்பது நிறைய விஷயங்களை அடைத்து வைப்பது மட்டுமல்ல, வேண்டாததை வெளியே நிறுத்துவதும்தான்.

அடைத்து வைக்கும் இடமும் சின்னதுதான். ஒரே சமயத்தில் நான்கைந்து விவரங்களுக்கு மேல் நிற்பது கஷ்டம் என்பது நெல்சன் கோவனின் கணிப்பு. பெட்டி விலை, ஐஸ் காசு, வண்டி வாடகை, கொடுக்க வேண்டிய பாக்கி: அவ்வளவுதான், நிரம்பிவிட்டது. அதனால்தான் எண்களை உதட்டுக்குள் முணுமுணுக்கிறோம். 1974இல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் முன்வைத்த செயல்படு நினைவாற்றல் மாதிரியிலிருந்து வளர்ந்த விளக்கப்படி, மனதுக்குள் ஒலிக்கும் அந்தக் குரல் சுமார் இரண்டு விநாடியில் மங்கிவிடும். திரும்பத் திரும்பச் சொன்னால்தான் நிற்கும்.

இந்த முணுமுணுப்பைக் கலைப்பது வெறும் சத்தம் அல்ல. ஒரே சீராக ஓடும் இன்ஜின் அவ்வளவாகப் படுத்தாது. பக்கத்தில் இருவர் பேசினால், அது நமக்குப் புரியாத மொழியாக இருந்தாலும், கணக்கு தவறிப்போகும்.