முட்டைப் பந்து கை நழுவினால்

1993 ஜனவரி 31, கலிபோர்னியாவின் பாசடீனாவில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். டல்லாஸ் கவ்பாய்ஸிடம் பஃபலோ பில்ஸ் அன்று ஒன்பது முறை பந்தைப் பறிகொடுத்தது. முடிவு 52–17. டல்லாஸின் 52 புள்ளிகளில் 35 அப்படிக் கிடைத்த பந்துகளால் வந்தவை.

அமெரிக்கக் கால்பந்தில் 10 யார்டு முன்னேற நான்கு முயற்சிகள். தேறாது என்று தெரிந்தால், பெரும்பாலும் நான்காவதில் பந்தைத் தூரமாக உதைத்துவிடுவார்கள். எதிரணி அந்தத் தூரத்திலிருந்து தொடங்கட்டும் என்று. டர்ன்ஓவரில், அதாவது பந்து எதிரணியிடம் பறிபோகும்போது, அந்த அவகாசம் இல்லை. எறிந்த பந்தை எதிராளி பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். பந்து கையிலிருந்து நழுவினால் ஃபம்பிள்; அதை எதிராளி அள்ளிக்கொண்டால் அதுவும் டர்ன்ஓவர்.

இதில் நஷ்டம் இரண்டு பக்கமும் இருக்கிறது. மைதானத்தின் எந்த இடத்தில் பந்து இருந்தால் சராசரியாக எத்தனை புள்ளி வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நமக்கு வரவேண்டியது போகிறது. எதிரிக்கு அந்த இடத்திலிருந்தே புதிதாக ஒரு வாய்ப்பு. இரண்டையும் கூட்டினால் ஒரு டர்ன்ஓவரின் விலை சராசரியாக 4 புள்ளிக்குப் பக்கம். பந்தை எதிரணியின் எல்லைக்கோடு வரை கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கே 6 தான்.

சராசரியை நம்பி ஏமாறவும் கூடாது. மூன்றாவது முயற்சியில் 45 யார்டு தாண்டி எறிந்த பந்தை எதிராளி அங்கேயே பிடித்து விழுந்தால், அது கிட்டத்தட்ட உதைத்த மாதிரிதான். 2015 சூப்பர் பவுலில் நடந்ததோ நேர் எதிர். சியாட்டில் அணி எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு ஒரே யார்டில், நான்கு புள்ளி பின்தங்கி, அரை நிமிடம்கூட மிச்சமில்லாமல் நின்றது. சியாட்டிலின் ரஸல் வில்சன் எறிந்ததை நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் பாய்ந்து பிடித்தார். நியூ இங்கிலாந்து 28–24 என ஜெயித்தது. அந்த ஒரு பந்தின் விலை கோப்பை.

பந்தை அதிகம் பறிக்கும் அணியே பெரும்பாலும் ஜெயிக்கிறது. சரி, பறித்ததால்தான் ஜெயித்ததா? பின்தங்கிய அணி நேரம் போகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு எறியும், பந்து பறிபோகும். அங்கே தோல்விதான் முதலில் வருகிறது. அப்புறம் அதிர்ஷ்டம். இரு முனையும் கூரான பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாரும் சொல்ல முடியாது. நழுவிய பந்து யாருக்கு என்பது ஏறக்குறைய பூவா தலையா. இந்த ஆண்டு அள்ளிய அணி அடுத்த ஆண்டும் அள்ளும் என்று பந்தயம் கட்டுவது சரியாக வராது.

நழுவ வைப்பது மட்டும் கலை. ஓடுபவர் பந்தின் ஒரு முனையை விரல்களால் பொத்தி, மறு முனையை முழங்கை மடிப்பில் செருகி, விலாவோடு அணைத்துக்கொள்வார். சிகாகோ பேர்ஸின் சார்லஸ் டில்மன் ஆளை மடக்கும்போதே அந்தப் பந்தில் முஷ்டியால் குத்துவார். 2012-இல் மட்டும் இப்படி பத்துப் பந்துகளை நழுவ வைத்தார்.

பயம் எவ்வளவு என்பதற்கு 1978 நவம்பர் 19 போதும். 17–12 என முன்னிலையில் இருந்த நியூயார்க் ஜயன்ட்ஸ், கடைசி அரை நிமிடத்தைக் கடத்தினால் போதும் என்ற நிலையில், பந்தைச் சக வீரரிடம் கைமாற்றப் போய் நழுவவிட்டது. பிலடெல்ஃபியாவின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அள்ளிக்கொண்டு ஓடிவிட்டார்; 19–17. அதற்குப் பிறகு, முன்னிலையில் இருக்கும் அணியின் குவாட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்தும் வீரர், கடைசியில் பந்தை வாங்கியதும் முழங்காலைத் தரையில் ஊன்றி அந்த முயற்சியை அங்கேயே முடித்துவிடுகிறார். அவருக்குப் பின்னால் வெகு தூரம் தள்ளி ஒருவர் தனியாக நிற்பார், ஒருவேளை நழுவினால் துரத்துவதற்கு.