டர்போவுக்கு அடுத்த குழாய்

டர்போ வைத்த காரில் எஞ்சினை விட்டு வெளியேறும் புகை நேராக சைலன்சருக்குப் போவதில்லை. முதலில் டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அந்தச் சுழற்சியால் டர்போ எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழலும் அந்தச் சக்கரத்தின் வாயிலிருந்து புகையைக் காரின் அடிப்பகுதிக்கு இறக்கிவிடும் முதல் குழாய்தான் டவுன்பைப். அதன் வளையும் பகுதி வெடித்துவிட்டால், விளிம்புத் தகடு துருப்பிடித்துப் புகை கசிந்தால், உள்ளே இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டால், குழாயை மாற்றித்தான் ஆகவேண்டும். கூடுதல் சக்திக்காக அகலமான குழாய் தேடுபவர்களும் உண்டு.

2014 மாடல் வரை அமெரிக்காவில் விற்கப்பட்ட சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அதில் டர்போ எஞ்சினின் வலது பின்பக்கத்தில் மேலேயே உட்கார்ந்திருக்கும். டர்போ திணிக்கும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றினால் கைக்கு எட்டிவிடும். அதனால்தான் பலர் அந்தக் காரின் டவுன்பைப்பை வீட்டு கராஜிலேயே மாற்றுகிறார்கள். 2015 மாடலில் எஞ்சின் மாறியது, டர்போவும் முன்பக்கம் கீழே போய்விட்டது. இங்கே நான் சொல்வது பழைய அமைப்பைப் பற்றி.

ஒரு குழாய் மாறினால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்? டர்பைனுக்குக் கிடைக்கும் சக்தி புகையின் அளவையும் வெப்பத்தையும் பொறுத்தது. அதோடு டர்பைனுக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான விகிதமும் முக்கியம். கவனியுங்கள், வித்தியாசம் அல்ல, விகிதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் 2.4 பார், பின்னால் 1.4 பார் என்று வைத்துக்கொள்வோம் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). விகிதம் சுமார் 1.7. பின்னால் உள்ள அழுத்தம் 1.2 பாராகக் குறைந்தால், அதே 1.7 விகிதத்துக்கு முன்னால் 2.06 பார் போதும். பின்னால் குறைந்தது 0.2 பார்தான், முன்னாலோ 0.34 பார் குறைந்துவிட்டது. டர்போவுக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு அடைப்பும் பெருகித்தான் எஞ்சினுக்கு வந்து சேர்கிறது. டர்போ இல்லாத காரில் இந்தப் பெருக்கம் கிடையாது.

முன்னால் அழுத்தம் குறைந்தால் புகையை வெளியே தள்ள பிஸ்டன் படும் பாடு குறையும். சிலிண்டருக்குள் தங்கிவிடும் சூடான பழைய புகையும் குறையும், அதனால் பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் தானாகவே நேரம் தவறி வெடிக்கும் நாக்கிங் தொல்லையும் தணியும். முன்னால் இருந்த 2.4 பார் அப்படியே நின்றால் விகிதம் 2 ஆகிவிடும். ஒவ்வொரு கிலோ புகையிலிருந்தும் டர்பைன் எடுக்கும் வேலை கால் பங்குக்கு மேல் கூடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம், சீக்கிரம் ஏறுவது இதனால்தான்.

சைலன்சர் வரை எத்தனையோ குழாய்கள் இருக்க, இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மதிப்பு? புகை இங்கேதான் மிகச் சூடாக இருக்கிறது. 800 டிகிரி செல்சியஸில் உள்ள புகை, 25 டிகிரியில் அடைக்கும் இடத்தைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் இடம் கேட்கும். பின்னால் போகப் போகக் குளிர்ந்து சுருங்கிவிடும். போதாததற்கு டர்பைனிலிருந்து வருவது நேரான ஓட்டமும் அல்ல, திருகிக்கொண்டு வரும் சுழல். உபரிப் புகையை டர்பைனுக்குள் விடாமல் திருப்பிவிடும் வால்வான வேஸ்ட்கேட் திறந்தால் இன்னொரு ஓட்டம் பக்கவாட்டிலிருந்து வந்து அந்தச் சுழலில் மோதும். டவுன்பைப்பின் வாய் புனல்போல் விரிந்திருப்பதும், சிலவற்றில் வேஸ்ட்கேட்டுக்குத் தனி வழி பிரித்திருப்பதும் இந்த மோதலைச் சமாளிக்கத்தான்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. பாதை தாராளமானதும் டர்பைனுக்கு வேகம் கூடுகிறது. உபரிப் புகையைத் திருப்பிவிட வேஸ்ட்கேட்டின் துளை போதாமல் போனால், பூஸ்ட் கட்டுப்பாட்டை மீறி ஏறிக்கொண்டே போகும். எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ அதைப் பார்த்துப் பெட்ரோலை வெட்டும், அல்லது எஞ்சின் அடிவாங்கும். அகலமான டவுன்பைப் போட்டால் அதற்கேற்ப ஈசியூவையும் டியூன் செய்ய வேண்டும் என்பது வியாபாரப் பேச்சு அல்ல. அந்தச் செலவுக்குத் தயார் இல்லை என்றால் கம்பெனிக் குழாயையே மறுபடி போடுங்கள்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கன்வெர்ட்டரே இல்லாத வெறும் குழாய்கள் கடையில் கிடைக்கின்றன. வாங்காதீர்கள். தேன்கூடு போன்ற பீங்கானில் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கெடுதல் குறைந்த வாயுக்களாக மாற்றுகின்றன. இந்த வேலை தொடங்க 250, 300 டிகிரி வெப்பம் வேண்டும். அதனால்தான் கன்வெர்ட்டரை டர்போவுக்கு இவ்வளவு பக்கத்தில் வைக்கிறார்கள். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் இதை நீக்குவதைத் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நம் தெருவில் நடந்து போகும் குழந்தை சுவாசிக்கும் காற்று இது. ஓட்டம் தாராளமாக உள்ள கன்வெர்ட்டர் வைத்த குழாய்களும் கிடைக்கின்றன. பலனில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். கார் சமதளமான கான்கிரீட் தரையில், ஜாக் ஸ்டாண்டுகள் மேல் நிற்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பேட்டரி இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும். டபிள்யூஆர்எக்ஸில் மேலிருந்து இன்டர்கூலர், வெப்பத் தடுப்புத் தகடு, பிறகு டர்போவோடு குழாயை இணைக்கும் ஐந்து போல்ட் நட்டுகள். கீழே கியர்பாக்ஸ் பக்கம் ஒரு தாங்கி, அப்புறம் பின் குழாயோடு சேரும் இடத்தில் ஸ்பிரிங் வைத்த இரண்டு போல்ட்டுகள். சொல்லும்போது சின்ன வேலைதான். நேரத்தை விழுங்குவது அந்த ஐந்து.

பல வருடம் செந்நிறமாகும் அளவுக்குச் சூடாகி, ஆறி, மழைநீர் பட்டு வந்த நட்டு அது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். மரைகளுக்கு இடையில் அந்த இடம் ஏது? துரு அங்கேயே நெருக்கியடித்து உட்கார்ந்து நட்டையும், அது ஏறியிருக்கும் தலையில்லாத போல்ட்டான ஸ்டட்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. நீளக் கம்பியைச் செருகிப் பலமாகத் திருகினால் நட்டு சுழலாது, ஸ்டட் முறியும். பிறகு துளை போட்டு எடுக்கும் வேலை.

ஆகவே முந்தின நாள் மாலையே, எஞ்சின் ஆறிய பிறகு, துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிடுங்கள். மெல்லிய இடுக்குகளில் அது தானாகவே ஏறி ஊறும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். மறுநாள் அறுமுனை சாக்கெட்டைப் போட்டு, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு துளி அசைத்துப் பாருங்கள். துருவின் பிடி உடைய எந்தத் திசை அசைவும் உதவும். அப்புறம் கால் சுற்று தளர்த்துங்கள், கொஞ்சம் இறுக்குங்கள், மறுபடி தளர்த்துங்கள். இடையிடையே எண்ணெய்.

அதற்கும் மசியவில்லை என்றால் வெப்பம். நட்டைச் சூடாக்கினால் உலோகம் உள்பக்கமாகவும் விரிந்து துளை சிறுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். துளையும் சேர்ந்துதான் பெரிதாகும். ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய எவர்சில்வர் டம்ளர்களை, வெளி டம்ளரை வெந்நீரில் வைத்துப் பிரிப்போமே, அதே தத்துவம். நட்டு விரியும்போது நொறுங்கும் தன்மையுள்ள துருப்படலத்தில் விரிசல் விழும், எண்ணெய் உள்ளே போக வழி கிடைக்கும். ஆனால் பெட்ரோல் குழாயும் ஒயரும் எண்ணெய்ப் பிசுக்கும் சூழ்ந்த இடத்தில் திறந்த தீ வேண்டாம். மின்சுருளால் சூடாக்கும் இண்டக்‌ஷன் கருவிதான் பாதுகாப்பு. அப்போதும் முதலில் அடித்த எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் சூடாக்க வேண்டும்.

புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சாரும் குழாயில் திருகியிருக்கும். அதைக் கழற்றும்போது முதலில் அதன் ஒயர் இணைப்பைப் பிரியுங்கள், இல்லாவிட்டால் ஒயர் முறுக்கிக்கொள்ளும். உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். கீழே விழுந்தால் உடையலாம். திரும்ப மாட்டும்போது மரை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையை மரையில் மட்டும் தடவுங்கள், முனையில் படக் கூடாது. சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிடாத சிலிக்கான் பசையை அருகில் எங்கேயும் பூசாதீர்கள். சூட்டில் அதன் ஆவி சென்சார் மேல் சிலிக்கா படலமாகப் படிந்து அதைக் குருடாக்கிவிடும்.

புதிய குழாயை மாட்டும்போது இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும். பழையது ஒருமுறை நசுங்கி வடிவம் எடுத்துவிட்டது, இன்னொருமுறை அதே இடத்தில் பொருந்தாது. எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் முடுக்கி, குழாயைத் தொங்கவிட்டு, எங்கேயும் உரசாமல் நேர்படுத்திய பிறகே இறுக்க வேண்டும். டர்போ பக்கத்தை முதலில், எதிரெதிராக, கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். இதில் அவசரப்பட்டால் பின்னால் விரிசல் வரும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் ஒரு மீட்டர் நீளம் இருந்து, வெப்பம் 550 டிகிரி கூடினால், ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளும். எஞ்சினும் கியர் மாறும்போதெல்லாம் ஆடும். பின் இணைப்பில் ஸ்பிரிங் வைத்திருப்பது இந்த நீட்சிக்கும் ஆட்டத்துக்கும் இடம் கொடுக்கத்தான். குழாயை ஏற்கெனவே வளைந்த நிலையில் இறுக்கிவிட்டால், அந்த இழுவிசை முழுவதும் வெல்டிங்கில் போய் உட்காரும்.

முதல் ஸ்டார்ட் திறந்த வெளியில், அல்லது கதவு முழுக்கத் திறந்த கராஜில். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குழாயில் ஒட்டிய எண்ணெயும் கைரேகையும் எரிந்து சிறிது நேரம் புகையும், அது இயல்பு. டிக் டிக் என்ற சத்தம் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறினால் கசிவு. குழாய் சூடாவதற்கு முன் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கொஞ்ச தூரம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, டர்போ பக்கத்து நட்டுகளை மறுபடி டார்க் ரென்ச்சால் சரிபாருங்கள். அப்புறம் ஈசியூவின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகி, சீரான வேகத்தில் ஓடும்போது பின் சென்சாரின், அதாவது கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரின், மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஏற்ற இறக்கம் இல்லாமல் 0.6, 0.7 வோல்ட் அருகே நின்றால் கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்கிறது. 0.1க்கும் 0.9க்கும் இடையில் வேகமாகத் துள்ளிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நாளில் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 என்ற பிழைக் குறியீடு வரும். அப்போது கன்வெர்ட்டரைக் குறை சொல்வதற்கு முன் கேஸ்கெட்டைப் பாருங்கள். புகை துடித்துத் துடித்துப் போகும்போது துடிப்புகளுக்கு இடையில் அழுத்தம் இறங்கி, சிறு கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே இழுபடும், அந்த ஆக்ஸிஜனும் சென்சாரைக் குழப்பும்.