ஈர்வாள்: இழுக்க வேண்டியதை நாம் அழுத்துகிறோம்

தச்சுவேலை பழக வருபவர்களிடம் கையிலுள்ள கருவியின் பெயரைக் கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் ‘ரம்பம்’ என்பார்கள். தவறில்லை, நானும் அன்றாடப் பேச்சில் அப்படித்தான் சொல்கிறேன். தமிழ்ச் சொற்கள் ரகரத்தில் தொடங்குவதில்லை என்பதால் ‘இரம்பம்’ என்றும் எழுதப்பட்ட இச்சொல், தெலுங்கில் ‘ரம்பமு’ என வழங்குகிறது. விடாமல் பேசி உயிரை எடுப்பவரையும் நாம் ரம்பம் என்கிறோம், அவர் செய்வதை அறுவை என்கிறோம். கருவியைப் பிடித்தறியாதவருக்குக்கூட அதன் இயல்பு ஓரளவு தெரிந்திருக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் பிடிக்கும் முறையை இந்தப் பெயர் சொல்லித் தராது. அதைச் சொல்லும் பெயர் ‘ஈர்வாள்’.

ஈர் என்னும் வினைக்கு அறுத்தல், பிளத்தல், இழுத்தல் ஆகிய மூன்று பொருள்களும் உண்டு. ‘ஈர்ந்தான்’ என்றால் அறுத்தான், ‘ஈர்த்தான்’ என்றால் இழுத்தான். மலையாளத்தில் இன்றும் மரம் அறுக்கும் வாளை ‘ஈர்ச்சவாள்’ என்கிறார்கள். வாள் என்றதும் போர்வாளே நம் நினைவுக்கு வருகிறது, ஆனால் பல் வைத்த அறுப்புக் கருவிக்கும் அச்சொல் வெகுகாலமாக உரியது. அகநானூற்றின் 24ஆம் பாடலில், வேள்வி செய்யாத பார்ப்பான் சங்கை அறுத்து வளையல் செய்யும் கருவி ‘வாளரம்’ எனப்படுகிறது. திருக்குறளில் நிலையாமை அதிகாரத்தின் 334ஆம் குறள், நாள் என்பதை ‘உயிர் ஈரும் வாள்’ என்கிறது. அங்கே ‘ஈரும்’ என்ற சொல் இருப்பதால், அந்த வாளைப் போர்வாளாகக் கொள்வதைவிட ஈர்வாளாகக் கொள்வதே பொருந்தும் என்பது ஒரு தச்சனாக என் எண்ணம். போர்வாள் ஒரே வீச்சில் முடித்துவிடும். ஈர்வாளோ ஒவ்வொரு இழுப்பிலும் துளித்துளியாக மரத்தை எடுத்துக்கொண்டு போகும், அடியில் சேர்ந்த மரத்தூளைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு போயிருக்கிறது என்பது நமக்கே தெரியும்.

இந்த வேறுபாட்டை உணராமல் போவதால் பட்டறையில் பல காயங்கள் ஏற்படுகின்றன. கத்தியால் வெட்டுவதுபோலக் கைவாளை மரத்தின் மேல் அழுத்தினால், பற்கள் ஆழமாகக் கடித்து நின்றுவிடும். நின்றதை நகர்த்த இன்னும் பலத்தைக் கொடுக்கும்போது, தகடு வளைந்து தடத்தைவிட்டுத் துள்ளி, மரத்தைப் பிடித்திருக்கும் இடக்கையின் மேல் விழும். என் இடது கட்டைவிரல் நகத்துக்குச் சற்றுக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. ஈரம் காயாத வேப்பம்பலகையில் அவசரம் காட்டியதற்குக் கிடைத்தது அது. ஈர மரம் அறுப்புத் தடத்தை நெருக்கி வாளைக் கவ்விக்கொள்ளும் என்பது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுத்தினேன்.

தொடக்கத்தைத்தான் கவனமாகப் பழக வேண்டும். கோட்டின் ஓரத்தில் இடது கட்டைவிரலை மடக்கி, அதன் கணுவைத் தகட்டின் பக்கவாட்டில், பற்களுக்கு மேலே அணைவாக வையுங்கள். ஆட்காட்டி விரல் கைப்பிடிக்குள் மடங்காமல் தகட்டின் நீளவாக்கில் நீட்டியிருக்கட்டும், அதனால் வாள் பக்கவாட்டில் ஆடாது. பிறகு வாளின் சொந்த எடையைத் தவிர வேறு எடை சேராமல், இரண்டு மூன்று முறை உங்களை நோக்கி மெல்ல இழுங்கள். மயிரிழை அளவு தடம் விழுந்ததும், முழு நீளத்துக்கும் வாளை ஓட்டலாம். பலகையின் நெடுக அறுக்கும்போது வாளுக்கும் மரத்துக்கும் இடையே ஏறத்தாழ 60 பாகைச் சாய்வும், குறுக்கே அறுக்கும்போது 45 பாகைச் சாய்வும் இருந்தால் கை சோராது. அறுப்பு முடியப்போகும் இடத்தில் துண்டைத் தாங்கிப் பிடிக்காவிட்டால், அது தன் எடையிலேயே நாரோடு கிழிந்து விழும்.

நெடுக, குறுக்கே என்ற இந்த வேறுபாட்டைத்தான் ‘ரம்பம்’ என்ற பொதுப்பெயர் முற்றிலும் மறைத்துவிடுகிறது. மரத்தின் நாரோட்டத்தின் வழியே பிளந்து செல்லும் வாளுக்குப் பற்கள் பெரியவை, ஓர் அங்குலத்துக்கு நான்கிலிருந்து ஏழு பற்கள் வரை இருக்கும். ஒவ்வொரு பல்லும் ஒரு சிற்றுளிபோல நாரைச் சீவி எடுக்கும். குறுக்கறுப்பு வாளின் பற்கள் நெருக்கமானவை, ஒவ்வொன்றும் கத்திமுனைபோல நாரை முதலில் கீறித் துண்டித்துவிட்டே தூளை வெளியேற்றும். கழுந்தின், அதாவது துளைக்குள் பொருந்தச் செதுக்கிய மரமுனையின், தோளை நெடுக்கு வாளால் அறுத்துவிட்டு, ஓரமெல்லாம் பிய்ந்து நிற்பதற்கு மரத்தைக் குறைசொல்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மரத்தின் மீது பிழையில்லை. ஜப்பானியத் தச்சர்களின் ‘ரியோபா’ என்ற வாளில் ஒரு விளிம்பு நெடுக்குக்கும் மறுவிளிம்பு குறுக்குக்கும் உரியது, ‘இரு வாய்’, அதாவது இரண்டு கூர்விளிம்பு, என்பதே அப்பெயரின் பொருள். அது இழுக்கும்போதுதான் அறுக்கும். இழுபடும் தகடு விறைத்து நிற்பதால் மெல்லியதாக இருக்க முடிகிறது. தள்ளும்போது அறுக்கும் வாளுக்கோ வளையாமலிருக்கக் கனமான தகடோ முதுகுப்பட்டையோ தேவைப்படுகிறது. ஆகவே எந்த வாளை வாங்கினாலும் பற்களின் முனை கைப்பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கிறதா, எதிர்ப்புறம் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பற்களை முப்பட்டை அரத்தால் ராவிக் கூராக்குவதோடு வேலை முடிவதில்லை. ஒன்றை விட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்றே வெளிச்சாய்ந்து நின்றால்தான், அறுப்புத் தடம் தகட்டைவிட அகலமாகி வாள் கவ்வப்படாமல் ஓடும். அந்த அகலம் தகட்டின் கனத்தைப்போல ஒன்றரை மடங்கை மிஞ்சினால் மரமும் உழைப்பும் வீண். சாய்வு சீராக இருக்கிறதா என்று அறிய அளவுகோல் வேண்டாம். வாளைப் பற்கள் மேலே பார்க்கும்படி நிறுத்தி, இரு வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் ஒரு தையல் ஊசியை வைத்து, வாளின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். ஊசி வழியில் விழாமல் மறுமுனை வரை வழுக்கிக்கொண்டு போனால், வாளை மரத்தில் வைக்கலாம்.