கவிழ்ந்தாலும் தானே நிமிரும் குட்டிப் படகு

போன ஆடி மாதம், நோர்வூட் போகும் பாதையை ஒட்டி, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் நானும் அக்கா மகனும் இரண்டு மணிநேரம் காத்துக் கிடந்தோம். தண்ணீரின் நடுவே அவனுடைய ரிமோட் படகு வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. காற்று அதை மெல்ல மெல்ல எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனது. இரண்டு வருடம் காசு சேர்த்து வாங்கிய படகு அது. முதல் ஐந்து நிமிடம் அழகாக ஓடியது. அப்புறம் ஒரு அலை தூக்கியது, காற்று அடியில் புகுந்தது, குப்புற விழுந்துவிட்டது.

"ஏன் மாமா, அது திரும்பவே மாட்டேங்குது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. படகு கவிழ்ந்தது ஏன் என்று அவன் கேட்கவில்லை. மலைநாட்டுக் காற்றில் சின்னப் படகு கவிழத்தான் செய்யும் என்பது அவனுக்கே தெரியும். கவிழ்ந்தது ஏன் அப்படியே நிம்மதியாகக் கிடக்கிறது என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. அலையுள்ள தண்ணீருக்குப் படகு தேடும் எவரும் கடையில் முதலில் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு ஒரு சோதனை காட்டினேன். நீங்களும் செய்து பார்க்கலாம். மூடி போட்ட வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்து, அதன் ஒரு பக்கத்தில் சிறு கல்லொன்றை டேப்பால் ஒட்டுங்கள். தொட்டியில் போட்டால் கல் அடியில் இருக்கும்படி மிதக்கும். கையால் உருட்டிக் கல்லை மேலே கொண்டுவந்து விட்டுப் பாருங்கள். ஒரு கணம்கூட நிற்காது, சட்டென்று உருண்டு கல் மறுபடி அடிக்குப் போய்விடும். இனி இரண்டு போத்தல்களை ஒரு சாண் இடைவெளி விட்டு ஒரு பலகைத் துண்டில் கட்டுங்கள். பலகையின் நடுவில் அதே கல்லை ஒட்டுங்கள். கல் மேலே இருக்கும்படி போட்டாலும் மிதக்கும், கீழே இருக்கும்படி போட்டாலும் மிதக்கும். எப்படிப் போட்டீர்களோ அப்படியே நிற்கும்.

காரணம் இதுதான். படகின் எடை முழுவதும் புவியீர்ப்பு மையம் என்ற ஒரு புள்ளியின் வழியாகக் கீழே இழுக்கிறது. பாடசாலையில் படித்த மேலுதைப்பு, தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் பகுதியின் நடுவிலிருந்து மேலே தள்ளுகிறது. படகு நேராக இருக்கும்போது இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கும். சாய்ந்தால் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறும், அதனால் மேலுதைப்பின் புள்ளியும் பக்கவாட்டில் நகரும். இப்போது இரண்டு விசைகளும் ஒரே கோட்டில் இல்லை. அவற்றுக்கு இடையே உண்டாகும் திருப்பம் படகை நிமிர்த்தலாம், இன்னும் சாய்க்கவும் செய்யலாம். எது நடக்கும் என்பதை முடிவு செய்வது படகின் வடிவமும் எடை எங்கே இருக்கிறது என்பதும்.

இரண்டு போத்தல் படகு அகலமானது. கொஞ்சம் சாய்ந்தாலே ஒரு பக்கத்துப் போத்தல் ஆழமாக அமிழும், மேலுதைப்பு அந்தப் பக்கம் வேகமாக ஓடும், படகு பழைய நிலைக்குத் திரும்பும். இந்த உறுதியில்தான் பலர் மயங்கிவிடுகிறார்கள். அதே அகலம், கவிழ்ந்த பிறகு கவிழ்ந்த நிலையையும் அதே அளவு உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. அக்கா மகனின் படகும் இரட்டை உடல் கொண்டதுதான். கடைக்காரர் அதை 'கெட்டமரன்' என்று சொல்லி விற்றார். நம்முடைய கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த சொல் அது. அமைதியான தண்ணீரில் அந்த வகைக்கு ஈடில்லை, வளைவுகளில் தரையில் ஓடுவதுபோலப் பிடித்து ஓடும். அலையுள்ள நீர்த்தேக்கத்துக்கு நான் அதை வாங்கமாட்டேன்.

ஆகவே நாம் தேடுவது, கவிழ்ந்த நிலையில் நிற்கவே முடியாத படகு. ஒற்றைப் போத்தல் படகு அது.

மனிதர்கள் இதை வெகுகாலமாகத் தேடியிருக்கிறார்கள். 1789இல் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் ஊரில் வில்லியம் வுட்ஹேவ் என்பவர் தானே நிமிரும் உயிர்காப்புப் படகின் மாதிரி ஒன்றைச் செய்தார். தண்ணீர் மொள்ளும் பாத்திரத்தில் மிதந்த உடைந்த மரத்தட்டு ஒன்று, எப்படித் திருப்பிப் போட்டாலும் நிமிர்ந்துகொண்டதைக் கண்டு அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். பீலித் தண்ணீரில் சிரட்டை விட்டு விளையாடிய நம் பிள்ளைகளுக்கு இது நன்றாக விளங்கும். 1851இல் ஜேம்ஸ் பீச்சிங் என்ற படகு கட்டுபவரின் தானே நிமிரும் வடிவம், 280 வடிவங்கள் போட்டியிட்ட போட்டியில் 100 கினி (பழைய ஆங்கிலப் பண அளவு) பரிசை வென்றது. முன்னும் பின்னும் உயர்ந்த காற்றறைகள், அடியில் கனம் என்ற அந்த வழி இன்றும் மாறவில்லை. குப்புற விழுந்தால் உயர்ந்த காற்றறைகளின் மேல் படகு தள்ளாடும், கனமான அடிப்பாகம் உச்சிக்கு வந்துவிடும். அந்த நிலையில் எதுவும் நிற்காது.

ரிமோட் படகில் இதற்கு மிக எளிய வழி பாய்மரப் படகு. இன்டர்நெஷனல் வன் மீட்டர் என்ற பந்தய வகையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு மீட்டருக்கு மேல் போகக்கூடாது, மொத்த எடை குறைந்தது 4 கிலோ. அதில் 2.2 முதல் 2.5 கிலோ வரை அடியில் மீன் செட்டைபோல் நீண்டிருக்கும் தகடும் அதன் நுனியில் உள்ள ஈயக் குமிழும்தான். பாதிக்கு மேற்பட்ட எடை தண்ணீருக்குள் ஆழத்தில் தொங்குகிறது. காற்று பாயைத் தண்ணீரில் படுக்க வைத்தாலும் அது எழுந்து வந்துவிடும். இதைவிடச் சின்னதாக, 65 சென்டிமீட்டர் நீளத்தில் ஜாய்ஸ்வேயின் டிராகன்ஃபோர்ஸ் 65 கிடைக்கிறது. காற்றே எரிபொருள். மலைநாட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

வேகப் படகுக்கு இந்த வழி சரிப்படாது. தண்ணீரின் மேல் எழும்பிச் சறுக்கி ஓட வேண்டுமானால் உடல் இலேசாக இருக்க வேண்டும். ஈயத்தைக் கட்டினால் வேகம் போய்விடும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு யுக்தி வருகிறது.

படகின் ஒரு பக்கவாட்டில் தனியாக ஓர் அறை வைக்கிறார்கள். பற்றரியும் மோட்டரும் இருக்கும் உட்புறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பின்புறத்தில் ஒரு துளை, காற்று வெளியேற இன்னொரு சிறு துளை. படகு நேராக வேகமாக ஓடும்போது பின்துளை வழியாக அறைத் தண்ணீர் வடிந்துவிடும், அந்த அறை வெறும் காற்று. படகு கவிழ்ந்ததும் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே புகும். அந்தப் பக்கம் மிதக்கும் சக்தியை இழக்கும். மறுபக்கம் மட்டும் மேலே தள்ளப்படும். அதோடு பற்றரியும் மோட்டரும் இப்போது உச்சியில் இருக்கின்றன, மேல்மூடியோ நடுவில் குவிந்து ஒடுங்கியது. படகு அறையிருக்கும் பக்கமாக உருண்டு நிமிர்கிறது. விசையைக் கொடுத்து ஓட்டினால் அறை மறுபடி காலியாகிவிடும். கவிழ்த்த தண்ணீரே நிமிர்த்தும் வேலையையும் செய்துகொடுக்கிறது! மோட்டர் வேண்டாம், ரிமோட் சைகையும் வேண்டாம். நின்ற நிலையில் சில படகுகள் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்பதும் இந்த அறையால்தான். பழுது என்று நினைத்துத் துளையை ஒட்டி அடைத்துவிடாதீர்கள்.

வொலன்டெக்ஸின் வெக்டர் எஸ்ஆர்65, எஸ்ஆர்80, ப்ரோ போட்டின் ரீகாயில் 2 போன்றவை தானே நிமிரும் படகுகள் என்றே விற்கப்படுபவை. பெயரில் உள்ள எஸ்ஆர் எழுத்துகள் அதைத்தான் குறிக்கின்றன.

வேறொரு வகையும் உண்டு. கவிழ்ந்த பின் ரிமோட்டில் விசையை ஒரு கணம் முழுதாக அழுத்தினால், படகைத் தள்ளும் சுழலி ஒரு பக்கம் சுழல, அதன் எதிர்விசையில் உடல் மறுபக்கம் உருண்டு நிமிரும். பக்கத்தில் கவிழ்ந்தால் இது போதும். ஆனால் இந்தப் படகுகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் ஏறத்தாழ இதே அலையால்தான். தண்ணீர் அதை அவ்வளவு நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். கவிழ்ந்த படகில் அன்டெனா நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், சில சென்டிமீட்டர் தண்ணீரே சைகையைப் பலவீனமாக்கிவிடும். தூரம் அதிகமென்றால் தொடர்பே அறுந்துபோகலாம். நிமிரச் சொல்லும் கட்டளை கேட்க வேண்டிய நேரத்தில்தான் படகுக்குக் காது கேட்காமல் போகிறது. அதனால் அகலமான நீர்த்தேக்கத்துக்கு, யார் சொல்லாமலும் தானாக நிமிரும் அறை வைத்த படகையே நான் சொல்வேன்.

எவ்வளவு பெரியது வாங்குவது? நம்முடைய அலையைக் கொண்டு இதைக் கணக்கிடலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று, தடையில்லாமல் ஒரு கிலோமீட்டர் நீர்ப்பரப்பின் மேல் வீசினால், எழும் அலை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு மூன்று மீட்டர்கூட இராது. கடலின் அகன்ற அலைபோல் இல்லாமல் குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். மலைகளுக்கிடையே வளைந்து கிடக்கும் காசல்ரீயிலும் மவுசாகலையிலும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை இந்தக் குட்டை அலைகளை நிறையப் பார்க்கலாம். 45 சென்டிமீட்டர் படகுக்கு அது ஆளுயர அலை. 65 சென்டிமீட்டர் படகு, அடிப்பாகம் ஆழமான 'வி' வடிவில் இருந்தால், அதை வெட்டிக்கொண்டு போகும். தட்டையான அடி ஒவ்வொரு முகட்டிலும் அறைபட்டுத் துள்ளும். துள்ளும்போது மூக்குக்கு அடியில் காற்று புகுந்தால் எங்கள் கதைதான்.

சின்னப் படகு கூடுதலாகக் கஷ்டப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே வடிவத்தை எல்லாப் பக்கமும் பாதியாக்குங்கள். எடை எட்டில் ஒன்றாகும். நிமிர்த்தும் விசைகளுக்கு இடையிலான தூரமும் பாதியாகும். ஆக நிமிர்த்தும் திருப்பம் பதினாறில் ஒன்றாகிவிடும். காற்று தள்ளும் பரப்பு நான்கில் ஒன்று, உயரம் பாதி. ஆக கவிழ்க்கும் திருப்பம் எட்டில் ஒன்றாகத்தான் குறையும். அதாவது பாதி அளவுள்ள படகு, அதே காற்றில் இரண்டு மடங்கு எளிதாகச் சாயும். பெரிய படகைப் பார்த்து, "இதே மாதிரி சின்னது வாங்கினால் போதும்" என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். காலை வேளையில் கண்ணாடிபோல் கிடக்கும் நுவரெலியா கிரகரி வாவிக்கு 45 சென்டிமீட்டர் போதும், மிதிபடகுகள் இறங்கும் முன் ஓட்டி முடித்துவிட வேண்டும். காசல்ரீக்கு 65க்குக் குறைத்து வாங்காதீர்கள்.

எஞ்சின் வைத்த படகு நன்றாகச் சத்தம் போடும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எஞ்சின் மூச்சுக்குத் தவிக்கும். மின்மோட்டருக்கு அந்தக் கவலை இல்லை.

வாங்கிய படகை நேராக நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் வீட்டுத் தொட்டியில் பற்றரியோடு போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். பற்றரி, கையேடு சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். கூடுதல் நேரம் ஓடட்டும் என்று பெரிய பற்றரி போட்டால் எடை இடம் மாறும், நிமிரும் குணமே போய்விடலாம். மாற்றும் ஒவ்வொரு முறையும் தொட்டிச் சோதனை வேண்டும்.

மேல்மூடியின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுவதையும் மறக்கக்கூடாது. உட்புறத்தில் கசியும் தண்ணீர் சும்மா கிடக்காது. படகு கவிழ்ந்ததும் அது ஓடி மேல்மூடிக்குள் சேரும். அந்த நிலையில் அதுதான் அடிப்பாகம். அங்கே சேரும் ஒரு கோப்பைத் தண்ணீர், ஒரு கிலோப் படகைக் கவிழ்ந்தபடியே பிடித்து வைக்கும் ஈயக்கட்டியாக மாறிவிடும். தானே நிமிரும் படகு நிமிராமல் போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அடுத்த சந்தேகம், அறைத் துளையில் அடைத்துக்கொண்ட சேறும் இலையும்.

நீர்மட்டம் இறங்கிய மாதங்களில் இன்னும் கவனம் வேண்டும். மவுசாகலையில் தண்ணீர் வற்றினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் கட்டடங்கள் வெளியே தெரியும். அப்படி வெளியே தெரியாமல் ஒரு சாண் ஆழத்தில் நிற்கும் கல்லும் மரக்கட்டையும்தான் சுழலியை உடைப்பவை.

எதுவும் சரிவராமல் படகு நடுவில் நின்றுவிட்டால், தயவுசெய்து நீந்திப் போகாதீர்கள். இந்த நீர்த்தேக்கங்களில் கரையை விட்டதும் ஆழம், தண்ணீர் குளிர், அடியில் சேறு. காற்று எந்தக் கரைக்குப் போகிறதோ அங்கே போய் நில்லுங்கள், அல்லது தூண்டில் நூலில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டி, படகுக்கு அப்பால் எறிந்து மெதுவாக இழுங்கள். அக்கா மகனின் புதிய 65 சென்டிமீட்டர் படகின் அடிப்பாகத்தில் செம்மஞ்சள் டேப்பை நாங்கள் நீளமாக ஒட்டியிருக்கிறோம். எதிர்க்கரைப் பற்றைக்குள் ஒரு படகைத் தேடும்போது கண்ணில் படுவது அதன் வயிறுதான்.