தண்டு டச்சியை ஆண்ட கோமகன்கள்

'பவேரியத் தண்டு டச்சியை ஆண்ட கோமகன் வம்சங்கள்' என்று ஒரு தலைப்பை அண்மையில் படிக்க நேர்ந்தது. ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவை ஆண்ட டியூக்குகளின் குலங்களைப் பற்றியது அது; டியூக்கைக் கோமகன் என்றும், அவர் ஆளும் நாட்டை டச்சி என்றும் எழுதியிருந்தார்கள். ஆறே சொற்கள், அவற்றுள் மூன்று தவறானவை. டச்சியைப் பலமுறை பொறுத்துக்கொண்டாயிற்று. கோமகனை இருபது ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். தண்டு மட்டும் எனக்குப் புதிது. ஆனால் அந்த மூன்றனுள் மிக வேடிக்கையானதாகத் தோன்றிய தண்டுதான், யோசிக்க யோசிக்க, உண்மைக்கு மிக அருகில் நிற்பதாகப் பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தார் டியூக் என்று சொல்வது பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். லத்தீனில் 'டுக்ஸ்' என்றால் நடத்திச் செல்பவன். பிற்கால உரோமப் பேரரசில் எல்லைப்புறப் படைகளின் தலைவனுக்கு அது பதவிப்பெயர். வெனிசு நகரத்தின் 'டோஜ்', முசோலினி சூட்டிக்கொண்ட 'டூச்சே' ஆகிய இரண்டும் அதன் பிள்ளைகள். ஜெர்மானியர் இதே பதவிக்குத் தம் மொழியில் 'ஹெர்ட்சோக்' என்பர். அதன் பழைய வடிவம் 'ஹெரிட்சோகோ'. 'ஹெரி' படை, பின்பாதி இழுத்தல், நடத்துதல் என்னும் வினையிலிருந்து வந்தது. இன்றைய ஜெர்மன் மொழியில் ரயிலைக் குறிக்கும் 'ட்சூக்' என்னும் சொல்லும் அதே வேரினதே. ஆக, படையை நடத்திச் செல்பவன் என்பது பொருள். இதில் அரசனும் இல்லை, மகனும் இல்லை.

இனி கோமகனுக்கு வருவோம். கோ என்றால் அரசன். கோமகன் என்றால் அரசன் மகன், அல்லது அரசன். படிக்கும் தமிழர் எவரும் இளவரசனைத்தான் நினைப்பார். பிரித்தானிய அரச குடும்பத்துச் செய்திகளை எழுதியவர்கள் இச்சொல்லைப் பரப்பினார்கள் என்பது என் ஊகம். அங்கே அரசியின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் இப்பட்டம் சூட்டப்பட்டதால், சொல் பொருந்துவதுபோல் ஒரு தோற்றம் உண்டாயிற்று. அந்தத் தோற்றத்தை அப்படியே தூக்கிக்கொண்டு பத்தாம் நூற்றாண்டுப் பவேரியாவுக்குள் நுழைந்தால் வரலாறே தலைகீழாகிவிடுகிறது.

எப்படி என்று பாருங்கள். 938இல் ஜெர்மானிய அரசர் முதலாம் ஒட்டோ, தமக்கு அடங்க மறுத்த பவேரிய டியூக் எபர்ஹார்டைப் பதவி நீக்கி, எபர்ஹார்டின் சிற்றப்பனான பெர்டோல்டை அமர்த்தினார். 947இல் பெர்டோல்டு இறந்ததும் அவருடைய சிறுவயது மகனை ஒதுக்கிவிட்டு, நாட்டைத் தம் சொந்தத் தம்பி ஹென்றிக்குக் கொடுத்தார். எபர்ஹார்டும் பெர்டோல்டும் லூயிட்போல்டின் வழிவந்தவர்கள். ஹென்றியோ உண்மையிலேயே ஓர் அரசரின் மகன். மூவரையும் கோமகன் என்று எழுதினால், அரச குடும்பத்தைச் சேராத ஒரு குலத்தின் கையிலிருந்த பதவியை அரச குடும்பம் எடுத்துக்கொண்டது என்னும் செய்தி வாசகருக்குப் போய்ச் சேரவே சேராது. அரசன் மகனிடமிருந்து பறித்து அரசன் மகனுக்குக் கொடுத்தார்கள் என்றால் அதில் நடந்ததுதான் என்ன?

பெண்பாலில் இன்னும் மோசம். 1055இல் பேரரசர் மூன்றாம் ஹென்றி பவேரியாவைத் தம் மனைவி ஆக்னஸின் பொறுப்பில் விட்டார். இன்றைய பிரான்சிலுள்ள அக்வித்தேனின் டியூக்குக்குப் பிறந்தவர் ஆக்னஸ். எந்த அரசருக்கும் மகள் அல்லர். அவரைக் 'கோமகள்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், ஒரு பேரரசியைப் பிறக்காத வீட்டில் பிறக்கவைக்கிறார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அதை முன்வைப்பவர்கள் தமிழ் அறியாதவர்கள் அல்லர். பெருமகன், தலைமகன் என்பவற்றில் மகன் என்பது புதல்வனைக் குறிக்கவில்லை, ஆளைக் குறிக்கிறது; அதுபோலக் கோமகனையும் ஆளும் தன்மையுடைய ஆள் என்று கொள்ளலாமே என்பார்கள். கொள்ளலாம். ஆனால் அப்போது கோமகன் என்பவன் அரசனாகவே ஆகிவிடுகிறான். டியூக்கின் இலக்கணமோ அவன் அரசன் அல்லன் என்பதுதான். அரசனிடம் கொடியைப் பெற்றுக்கொள்பவன் அவன். அரசன் கேட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவன். இதை அலங்காரமாகச் சொல்லவில்லை. 1156 செப்டம்பரில் ரேகன்ஸ்பர்க் நகருக்கு வெளியே பாபன்பெர்க் குலத்து ஹென்றி, பவேரியாவைத் துறந்ததன் அடையாளமாக ஏழு கொடிகளைப் பேரரசர் பிரடெரிக் பார்பரோசாவிடம் ஒப்படைத்தார். பேரரசர் அவற்றை வெல்ஃப் குலத்துச் சிங்க ஹென்றியிடம் கொடுத்தார். சிங்க ஹென்றி ஏழனுள் இரண்டைத் திருப்பித் தந்தார். அந்த இரண்டு கொடிகளுக்குரிய கிழக்கு எல்லைப்புறத்தைத் தனி டியூக்கின் நாடாக உயர்த்தி, பேரரசர் அதைப் பாபன்பெர்க் ஹென்றிக்கே அளித்தார். ஆஸ்திரியா அப்படிப் பிறந்தது. கைமாறியது முடியும் அன்று, செங்கோலும் அன்று. கொடி, அதாவது படையின் அடையாளம். புதிய ஆஸ்திரிய டியூக்குக்கு அளிக்கப்பட்ட சலுகைகளுள் ஒன்று, தம் நாட்டை அடுத்த பகுதிகளுக்குச் செல்லும் படையெடுப்புகளில் மட்டும் கலந்துகொண்டால் போதும் என்பது. சலுகை கொடுக்கும்போதும் படைக்கடமையைக் குறைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இதைவிடப் பழைய சான்று இன்னும் கூர்மையானது. பவேரியாவின் முதல் ஆளும் குலமான அகிலோல்ஃபிங் குலம் ஆறாம் நூற்றாண்டின் நடுவில் தோன்றி 788இல் மூன்றாம் தாசிலோவோடு முடிந்தது. தாசிலோவை இங்கல்ஹைமில் நிறுத்தி விசாரித்தவர் அவருடைய உறவினரான பிராங்கிய அரசர் சார்லமேன். குற்றச்சாட்டுகளுள் முதன்மையானது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 763இல், அக்வித்தேன் போரின்போது தாசிலோ அன்றைய அரசரின் படையை விட்டு நீங்கிப் போனார் என்பது. பிராங்கிய அரச ஆண்டுக்குறிப்புகள் அக்குற்றத்துக்கு லத்தீன் சொல் தேடவில்லை. மக்கள் மொழியில் அதற்குப் பெயர் 'ஹரிஸ்லிஸ்' என்று எழுதிவைத்தன. அதன் முன்பாதியும் ஹெர்ட்சோக்கின் முன்பாதியும் ஒன்றே: படை. படையை நடத்த வேண்டியவன் படையை முறித்துக்கொண்டு போனான் என்பதற்காக விதிக்கப்பட்ட மரணதண்டனையைக் குறைத்து, தாசிலோவை மொட்டையடித்து மடத்துக்கு அனுப்பினார்கள். 'கோமகன் தாசிலோ படையை விட்டு ஓடினார்' என்று மொழிபெயர்த்தால், ஒரு செல்லப்பிள்ளை வேட்டைக்குப் போய்ப் பாதியில் வீடு திரும்பியதுபோல் இருக்கிறது. பதவியின் பெயரிலேயே குற்றத்தின் கனம் இருந்ததை வாசகர் எவ்வாறு உணர்வார்?

சிற்றரசு, குறுநில மன்னன் என்று எழுதுவோரும் உண்டு. நோக்கம் நல்லதுதான், மேலே ஒரு பேரரசு இருப்பதையாவது அச்சொற்கள் சொல்லிவிடுகின்றன. ஆனால் பவேரியா சிறியதா? ஆல்ப்ஸ் மலைக்கு இருபுறமும் கால் பரப்பி, 952இல் வெரோனா வரைக்கும் நீண்ட நாடு அது. 976இல் கரிந்தியாவை அதிலிருந்து வெட்டியெடுத்துத் தனி நாடாக்கிய பிறகும் சிறியதாகிவிடவில்லை. மேலும், குறுநில மன்னன் தன் நிலத்தில் தானே மன்னன். பேரரசனுக்குத் திறை கட்டுபவன். டியூக் திறை கட்டிய தனி மன்னன் அல்லன். பேரரசின் அமைப்புக்குள் இருந்த பதவியாளன்.

டச்சியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஒலிபெயர்ப்பை நான் வெறுப்பவன் அல்லன். போப்பாண்டவரையும் ஜாரையும் சுல்தானையும் அப்படியே வைத்துக்கொண்டுதான் வாழ்கிறோம். ஆனால் டச்சு என்னும் சொல் தமிழில் நானூறு ஆண்டுகளாக வேறொரு மக்களுக்கு உரியதாய் இருக்க, டச்சி என்று எழுதுவது குழப்பத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும். 'பவேரிய டச்சுப் பரம்பரை' என்று அச்சாகியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இதில் இன்னொரு விந்தை: மேலே சொன்ன ஆண்டுக்குறிப்பில் 'மக்கள் மொழி' என்பதற்கு ஆளப்பட்ட லத்தீன் அடைமொழி 'தியோடிஸ்க்'. அதன் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று அது; டச்சு என்னும் பெயரும், ஜெர்மானியர் தம் மொழிக்கு வைத்த டாய்ச் என்னும் பெயரும் அதனோடு ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆக, டச்சுக்கும் டச்சிக்கும் உறவு எதுவுமில்லை. தாசிலோவின் வழக்கில் இரண்டும் ஒருமுறை பக்கத்தில் வந்து நின்றன, அவ்வளவே.

இப்போது தண்டு. பத்தாம் நூற்றாண்டின் பவேரியா, சாக்சனி, சுவாபியா, பிராங்கோனியா, லோதரிஞ்சியா என்னும் ஐந்தையும் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 'ஷ்டம்மெஸ்ஹெர்ட்சோக்டூம்' என்று குறிப்பதுண்டு. அந்தக் காலத்தார் இட்ட பெயர் அன்று. பிற்கால அறிஞர் உண்டாக்கியது. 'ஷ்டம்' என்பதற்கு அடிமரம் என்றும் பொருள், ஒரே வழிவந்த மக்கள் கூட்டம் என்றும் பொருள். தமிழில் குடி என்றால் சரியாக இருக்கும். ஆங்கிலத்தார் அதை 'ஸ்டெம்' என்று பெயர்த்தார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் ஜெர்மன் சொல்லைப் பார்க்கவில்லை. ஆங்கில அகராதியைத் திறந்தார், முதலில் கண்ட பொருளை எடுத்தார், கீரைத்தண்டு, வாழைத்தண்டு வரிசையில் பவேரியாவையும் சேர்த்துவிட்டார். ஐரோப்பாவைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி இப்படித்தான் உருவாகிறது: ஜெர்மனும் போலியமும் செக்கும் ஆங்கிலச் சன்னலின் வழியாகவே பார்க்கப்படுகின்றன, கண்ணாடியில் இருக்கும் கீறலும் காட்சியின் பகுதியாகிவிடுகிறது.

ஆனால் தமிழில் தண்டு என்பதற்குப் படை என்றும் ஒரு பொருள் உண்டே! தண்டிறங்குதல் என்றால் படை பாளையமிடுதல். கோயம்புத்தூரின் தண்டுமாரியம்மன் பெயரில் இருப்பதும் அந்தத் தண்டுதான். தண்டத்தை நடத்துபவன் தண்டநாயகன். போசளர் கல்வெட்டுகளில் படைக்கும் நாட்டுப்பகுதிக்கும் ஒருசேரத் தலைவராய் இருந்தவர்கள் இப்பட்டம் தாங்கி வருகிறார்கள். பவானிசாகர் அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் தணாயக்கன் கோட்டையின் பெயர், அச்சொல் மக்கள் வாயில் தேய்ந்த வடிவமே. நாயகன் என்பதும் 'நடத்திச் செல்' என்னும் பொருளுடைய வடமொழி வேரில் பிறந்தது. ஆகவே ஹெர்ட்சோக்கின் இரு பாதிகளுக்கும் தண்டநாயகனின் இரு பாதிகள் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துகின்றன. இப்படி ஒரு பொருத்தம் எளிதில் வாய்ப்பதன்று. 936இல் ஆகனில் ஒட்டோ முடிசூடியபோது நான்கு டியூக்குகள் விருந்தில் ஆளுக்கொரு பணி செய்தார்கள். பவேரியாவின் ஆர்னுல்ஃபுக்குக் கிடைத்தது குதிரை வீரர்களையும் பாளையம் இறங்கும் இடங்களையும் கவனிக்கும் வேலை. தண்டிறக்கிய தண்டநாயகர் என்று கூசாமல் எழுதலாம்.

தனித்தமிழ் அன்பர்கள் படைத்தலைவன் இருக்கும்போது தண்டநாயகன் எதற்கு என்பார்கள். படைத்தலைவன் தூய சொல்தான். ஆனால் அவனுக்கு நிலம் இல்லை; போர் முடிந்தால் வேலையும் முடிந்தது. படைப்பதவி நாளடைவில் நிலமாகி, நிலம் குலச்சொத்தாகிய கதையைச் சொல்ல, அதே கதையைத் தன் வரலாற்றிலேயே கொண்டிருக்கும் சொல் வேண்டும். விசயநகரத்தின் படைத்தலைவர்கள் மதுரையில் நாயக்கர் மரபாக வேரூன்றியதை அறிந்த வாசகருக்குத் தண்டநாயகர் மரபு என்பது விளக்கமின்றியே விளங்கும். தூய்மைக்கும் தெளிவுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தால், நான் தெளிவின் பக்கம். தண்டச்சோறு நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் சிரித்தார். பவேரிய டியூக்குகளுள் சிலருக்கு அதுவும் பொருந்தும் என்றேன்.

கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். 1053இல் பவேரியாவின் டியூக்காக அமர்த்தப்பட்ட, பேரரசர் மூன்றாம் ஹென்றியின் மகன் நான்காம் ஹென்றிக்கு வயது மூன்று. மூன்று வயதுக் குழந்தையைத் தண்டநாயகர் என்பதா? ஆம், அப்படியே எழுத வேண்டும். ஜெர்மானியரும் அந்தக் குழந்தையை ஹெர்ட்சோக் என்றுதான் எழுதுகிறார்கள். பதவி குடும்பத்துக்குள் சுருண்டுகொண்டதன் விந்தை அந்தச் சொல்லில்தான் தெரிகிறது. கோமகன் என்று எழுதினால் அந்த விந்தை மறைந்து, எல்லாம் இயல்பாகிவிடும்.

நாட்டுக்குத் தண்டநாடு என்னும் சொல்லை முன்மொழிகிறேன். ஐந்து பழைய நாடுகளையும் சேர்த்துச் சொல்லக் குடிவழித் தண்டநாடுகள் எனலாம். 'லூயிட்போல்டிங் வம்சம்' என்று எழுதுவோர், 'இங்' என்னும் ஈறே வழிவந்தோர் என்று பொருள்படுவதைக் கவனித்தால் லூயிட்போல்டு மரபினர் என்று சுருக்கமாக முடிக்கலாம். பின்னாளில் பவேரியாவை ஆண்ட விட்டல்ஸ்பாக் குலத்தின் பெயர் அப்படியன்று, அது ஒரு கோட்டையின் பெயர். 1208இல் அக்குலத்தவர் ஒருவர் ஜெர்மானிய அரசர் பிலிப்பைப் பாம்பெர்க்கில் கொன்றதால் அந்தக் கோட்டையே இடிக்கப்பட்டது. பெயர் மட்டும் குலத்தோடு நின்றது. எனவே விட்டல்ஸ்பாக் குலம் என்பதே சரி.

எதுவரை தண்டநாயகர் என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும். சிங்க ஹென்றியிடமிருந்து பறித்து 1180இல் விட்டல்ஸ்பாக் ஒட்டோவுக்கு அளித்ததுதான், இந்த நாடு ஒரு குலத்திடமிருந்து இன்னொரு குலத்துக்குக் கைமாறிய கடைசி முறை. அதன்பின் 1918 வரை அக்குலத்தை யாரும் அசைக்கவில்லை. 1255இல் உடன்பிறந்தார் இருவர் நாட்டை மேல் பவேரியா, கீழ் பவேரியா என்று பாகம் பிரித்துக்கொண்டு இருவருமே டியூக் என்று அழைத்துக்கொண்டார்கள். படைப்பதவியைப் பாகம் பிரிக்க முடியாது. பிரித்துவிட்டார்கள் என்றால் அது குடும்பச் சொத்தாகிவிட்டது. அந்த ஆண்டு வரைக்கும் தண்டநாயகர் என்று எழுதுவேன். அதற்குப் பின் வருபவர்களுக்கும், ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் பிறந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிளைக்குடும்பம் போன்ற வெறும் பட்டத்தாருக்கும், டியூக் என்னும் ஒலிபெயர்ப்பே போதும்.